சாண்டல்ஃபோன் தொடுத்த மாலை

மேகங்களுக்குக் கீழே மல்கூத் என்றொரு ராஜ்யம் இருந்தது. அதன் சந்தைத்திடலில் யூத மறைஞானிகள் போற்றும் பெருந்தூதனாகிய சாண்டல்ஃபோன் நின்றுகொண்டிருந்தான். பாதங்கள் மண்ணில், தலை வானங்களுக்கெல்லாம் மேலே. யார் மனமுருகி வேண்டினாலும் அந்த வேண்டுதல் ஒரு பூவாகி அவன் கைக்கு ஏறும். அவற்றை மாலையாகத் தொடுத்து, ரகசியச் சொல் ஒன்றை ஓதுவான். மாலை தானே எழுந்து, கண்ணுக்கெட்டாத சிம்மாசனத்தில் வீற்றிருப்பவரிடம் போய்ச்சேரும்.

இது மல்கூத்தின் அரசருக்குப் பிடிக்கவில்லை.

"நம் குடிகளின் பூக்கள் நம்மைத் தாண்டி வேறொரு சிம்மாசனத்துக்குப் போவதா?" என்றார்.

பிரதான மந்திரி அசரியா அன்றே ஆணை பிறப்பித்தார். இனி வேண்டுதல்கள் அனைத்தும் அரசரை நோக்கியே செய்யப்பட வேண்டும். அதை ஊருக்குச் சொன்னவள் அரண்மனைத் தண்டோராக்காரி சிப்போராள். அவள் பறையடித்துக் குரல் எடுத்தால் எல்லைக்கல் வரை கேட்கும்.

ஜனங்கள் முரண்டு பிடிக்கவில்லை. ஏரித் தண்ணீரை அரண்மனை நீரூற்றுகளுக்குத் திருப்பிவிட்டதில் ஊர்க் கிணறுகள் வற்றிக் கிடந்தன. மடை திறந்தால் போதும் என்று அரசரிடமே வேண்டினார்கள்.

"இது வேண்டுதல் அல்ல, அரசே. குறைகூறல்" என்று விளக்கினார் அசரியா. "குறைகூறும் குடிகள் ஏரிக்கரையை நெருங்கலாகாது. இனி நன்றி மட்டுமே சொல்லலாம்."

குடத்தில் மொண்டு வந்த தண்ணீரும் அத்தோடு போயிற்று. அந்த ஆணையையும் சொல்லிவிட்டு சிப்போராள் வீடு திரும்பினாள். தங்கை யாவேல் பச்சைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்டோரா போட்டாச்சா அக்கா? பிள்ளையக் குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்ல."

"நான் என்னடி பண்றது? அவங்க சொல்லச் சொன்னதைத்தானே சொல்றேன்."

"சொல்லச் சொன்னது அவங்க. ஊரு கேட்டது உன் குரலத்தான்."

சிப்போராள் பறையைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

ஊரெங்கும் நன்றி முழங்கியது. ஆனால் சாண்டல்ஃபோனின் கைகள் சும்மா இருந்தன. அரசருக்கு மாலை விழவேண்டிய முடிசூட்டு ஆண்டுவிழா நெருங்க நெருங்க அசரியா பதறிப்போய்த் தூதனின் கால் கட்டைவிரலருகே வந்து நின்றார்.

"மாண்புமிகு தூதரே! தங்கள் பணியில் தொய்வு ஏற்பட்டிருப்பதாக அரசு கருதுகிறது."

மேலிருந்து இடிபோல் குரல் வந்தது. "சொற்கள் வருகின்றன, மந்திரி. பூ வரவில்லை."

அசரியா தளர்ந்துவிடவில்லை. விழாவன்று குடிகள் அனைவரும் திடலில் கூடிக் கண்ணீர் மல்க நன்றி சொல்ல வேண்டும் என்றும், கண்ணீர் வராதோர் சிறையில் அடைக்கப்படுவர் என்றும் அடுத்த ஆணை வந்தது. குடிக்கவே தண்ணீரில்லாத ஜனங்கள் கண்களைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

மேடையேறிய சிப்போராள் நன்றியுரையின் முதல் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்வரிசையில் யாவேல். குழந்தை அழ வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"நீரூற்றுகள் பொங்கும் எங்கள் அரசே..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பறையை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"தண்ணி! பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணும்! மடையத் திறங்க!"

திடலே வெடித்தது. "தண்ணி! தண்ணி!" ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு பூ! சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் ஆயிரமாயிரம் பூக்கள் தலைக்குமேல் சுழன்று ஏறின. தூதனின் விரல்கள் மின்னலாய்ப் பறந்தன. சிப்போராள் தன்னை மறந்து பறையை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"பூக்கள்! எனக்கே!" என்று அரசர் கழுத்தை நீட்டினார்.

ஆணைப்படி அது அவருக்கு உரியதுதான். தூதன் சொல்லை ஓதினான். மாலை இறங்கி அரசரின் தோளில் விழுந்தது. விழுந்ததும் பேசத் தொடங்கியது. ஒவ்வொரு பூவும் தன்னை வேண்டியவரின் குரலில் அவர் காதுக்குள் கத்தியது.

"எடுங்கள்! இதை எடுங்கள்!"

மாலையைக் கழற்றி அசரியாவிடம் எறிந்தார். "இது என் துறையைச் சார்ந்ததல்ல" என்று அசரியா நிதிமந்திரியிடம் தள்ளினார். அவர் அதைச் சிம்மாசனத்தின்மேல் போட்டுவிட்டு ஓடினார். அரசர் அவருக்கு முன்பே ஓடிவிட்டார். காவலர்கள் ஈட்டிகளைப் போட்டுவிட்டு ஜனங்களோடு சேர்ந்து மடைப்பலகையை இழுத்தார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. யாவேல் வாய்க்காலில் இறங்கிச் சிரித்துக்கொண்டே குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

காலியான சிம்மாசனத்துக்குத் தேர்தல் வந்தது. "மடை திறந்தவன் நானே" என்று ஊர் ஊராகச் சொல்லி அசரியா வென்றார். பேசும் மாலையைத் தேசியச் செல்வமென அறிவித்துப் பாதாள அறையில் பூட்டினார். பதவியேற்பன்று கடையில் கட்டிய ரோஜா மாலை வந்தது. அதைத் தூக்கவே இருபது ஆட்கள் வேண்டியிருந்தது.

"என்னக்கா, அது ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டாள் யாவேல்.

சிப்போராள் மேடையருகே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலடி. நாமதான் சொல்லணும்" என்றவள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.