அவசர வழியில் நாற்பது பெட்டிகள்

பல்கலைக்கழகங்களில் வாழும் உயிரினங்களில், பேரிடர்த் தயார்நிலைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் தனி ரகம். நிலநடுக்கமோ வெள்ளமோ தீயோ, எது வந்தாலும் அதற்கொரு துணைக்குழு வைத்திருப்பார். மழை தூறினால் சுற்றறிக்கை விடுவார். மழை நின்றுவிட்டால், தம் சுற்றறிக்கைக்குப் பயந்துதான் நின்றது என்பதுபோல் நடப்பார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். இவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் நான் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள் நிற்பவர் இவர்தான்.

நாலு வருடம் மெனக்கெட்டு, இருநூறு பக்கத்தில் ஒரு பாதுகாப்புக் கையேடு எழுதினேன். அச்சாகி வந்தது நாற்பது பெட்டி. எங்கே வைப்பது? வேதியியல் துறையின் மூன்றாம் மாடியில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மூலை கண்ணில் பட்டது. அங்கேயே அடுக்கச் சொன்னேன்.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா மட்டும், "சார், அது அவசர வழிக் கதவாச்சே..." என்று இழுத்தார்.

"அவசரம் வந்தா பாத்துக்கலாங்க்கா."

வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அதே மாடியில் பதினெட்டு மாணவர்களுக்குத் தீ விபத்தைப் பற்றிப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். படிக்கட்டை ஒட்டிய மின்பெட்டி தீப்பிடித்தது. படியெங்கும் கரும்புகை. பிள்ளைகள் இருமினார்கள், ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். விசிலை ஊதப் போனேன், இருமல்தான் வந்தது. கை தானாகக் கையேட்டைப் புரட்டியது.

"யாரும் பதறாதீங்க! அறுபத்திமூணாம் பக்கத்துல..."

"புஸ்தகத்த அப்புறம் படிக்கலாம் சார்! பெட்டியப் பிடிங்க!"

அக்கா அதற்குள் மூன்று பெட்டிகளை இழுத்துத் தள்ளியிருந்தார். மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். நானும் தூக்கினேன். என் எழுத்துக்கு இவ்வளவு கனம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவு திறந்ததும் வெளிப்படி வழியாக இறங்கினோம். கடைசியாக வந்த அக்கா, கீழே நின்று தலைகளை எண்ணினார்.

"பத்தொம்பது. உங்களையும் சேத்துத்தான் சார்."

மண்தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

யாருக்கும் ஒன்றும் ஆகாததால், துணைவேந்தர் என்னைப் பாராட்டிக் கடிதம் அனுப்பினார். அந்த அக்காவையே ஒருங்கிணைப்பாளர் ஆக்குங்கள் என்று பதில் எழுதினேன். 'விதிமுறையில் இடமில்லை' என்றார்கள். விதிமுறையை எழுதியவனும் நான்தான்.

சிரிக்கிறீர்கள். சரி, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் கட்டடத்தில் தீயணைப்பான் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது? 'அதுக்குன்னு யாராவது ஒருத்தர் இருப்பாரே' என்கிறீர்களா?

அப்படியானால் வாருங்கள். குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.