பனங்களிச் சவரமும் அப்பாவின் மரணமும்

நான் என் தந்தையாரை ஒருமுறை கொன்றிருக்கிறேன். பித்தளைச் சவரக்கருவி ஒன்றும் பழுத்த பனங்காய் ஒன்றும் அக்கொலைக்குப் பயன்பட்டன. (அஞ்சற்க. கொலையுண்டவர் மறுநாட் காலை எழுந்து கஞ்சி கேட்டார்.)

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. என்னிடம் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, பண்டிதர் தேர்வில் முதற்பிரிவிற் சித்தியெய்தியமை. அதைக் கேட்பதற்குச் சண்டிலிப்பாயில் எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆதலால் மற்றப் பெருமையாகிய என் சவரக்கலையைப் பற்றியே நான் ஓயாது பேசித் திரிந்தேன்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்த பெரியப்பா விட்டுச்சென்ற சவரக்கருவி அது. மூன்று பாகமாகக் கழலும். பூட்டினால் கோவில் மணியின் நாக்குப்போலக் கனக்கும். அதனோடு ஏதோ ஒரு சீமைப் பிராணியின் மயிராலான தூரிகையும் நுரை கலக்குவதற்கு ஒரு பீங்கான் கிண்ணமும் எனக்கு உரிமையாயின. ஊரார் முகம் வழித்தனர். நான் சவரம் செய்தேன். முதலில் மயிர் படிந்த திசையிலும், பின்னர் குறுக்காகவும், இறுதியில் எதிர்த்திசையிலும் அலகை ஓட்ட வேண்டும் என்றும், நுரை பூசிய பின் ஐந்து நிமிடம் பொறுத்திருப்பவனே நாகரிகமடைந்தவன் என்றும் சந்தியில் நின்று விரிவுரை ஆற்றுவேன். (கேட்டவர்களில் பாதிப்பேர் தாடி வளர்க்கத் தொடங்கியதற்கு நான் பொறுப்பல்லேன்.)

போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை நிலவிய காலம் அது. மண்ணெண்ணெய் இல்லை, மின்கலம் இல்லை, சவர்க்காரம் இல்லை. எஞ்சியிருந்த ஒரே பிளேட்டைக் கண்ணாடிக் குவளையின் உட்சுவரிற் பதித்து, விரலால் அழுத்தித் தேய்த்துத் தீட்டி, நான்கு மாதம் ஓட்டினேன். சவரப் பசையின் கடைசிக் குழாயை அம்மிக் குழவியால் உருட்டிப் பிதுக்கினேன். பிதுங்காதபோது கத்தரியால் நெடுக வெட்டி, உட்புறத்தைத் தூரிகையால் துடைத்தேன். பின்னர் முகர்ந்து மட்டும் பார்த்தேன்.

இந்நிலையிலேதான் புத்தூர்ச் சம்பந்தம் பேச்சுக்கு வந்தது. பெண்ணின் தந்தையார் நல்லதம்பியர் புகையிலைத் தோட்டக்காரர், வார்த்தை பிசகாதவர். மகள் யோகராணி என்னைக் கோவில் திருவிழாவில் தொலைவில் நின்று பார்த்திருந்தாள். தரகர் வந்து சொன்னார்:

"பிள்ளைக்கு உம்மடை படிப்பைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆனால் மீசை பிடிச்சிருக்காம்."

நானும் அவளைப் பார்த்திருந்தேன். அவளையன்றி வேறொருத்தியை மணப்பதில்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். (அவ்வேறொருத்தி இருந்தாளா என்ற வினா இங்கே பொருத்தமற்றது.)

என் சாதகத்தை விரிவாக எழுதுவித்துக் கொண்டுவரும்படி நல்லதம்பியர் சொல்லியனுப்பியிருந்தார். அப்பாவோ மூன்று கிழமையாக மலேரியாக் காய்ச்சலில் கிடந்தார். அச்செய்தி புத்தூர் வரை எட்டியிருந்தது.

"நீயே கொண்டுபோய்க் குடு," என்றார் அப்பா. "அப்பிடியே உன்ரை முகத்தையும் ஒருக்காக் காட்டிப்போட்டு வா. அவைக்கும் ஒரு எச்சரிக்கையாய் இருக்கட்டும்."

குறித்த நாளன்று நண்பகலில் என் கன்னத்தில் நான்கு நாள் வளர்ச்சி நின்றது. சந்திச் சலூனில் ஒரே பிளேட்டு எத்தனை கன்னங்களைக் கண்டது என்று அறியாத நிலையில், அங்கே போவதற்கு என் கலையுள்ளம் இடங்கொடுக்கவில்லை. கிணற்றடியிலோ, அம்மா பனங்காயைப் பிசைந்து துணி தோய்த்துவிட்டு, மிச்சக் களியைச் சட்டியில் வைத்துவிட்டு, அப்பாவுக்கு மருந்து வாங்கப் பரியாரியார் வீட்டுக்குப் போயிருந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சேலைகள் யாவும் பனங்களியாலேயே வெளுத்தன.

தருக்கநூல் பயின்றவன் சும்மா இருப்பானா? சவர்க்காரம் நுரைக்கும், துணியை வெளுக்கும், முகத்துக்கும் ஆகும். பனங்களி நுரைக்கும், துணியை வெளுக்கும். ஆதலால் பனங்களி முகத்துக்கும் ஆகும். பிரதிக்கினை, ஏது, எடுத்துக்காட்டு ஆகிய மூன்றும் குற்றமற்று அமைந்த இவ்வனுமானத்தைக் கண்டு நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

களி நுரைக்கவே செய்தது. மாம்பழ நிறத்தில், தும்பும் துகளுமாகப் பொங்கியது. முற்றத்து முருங்கையிற் கண்ணாடியை மாட்டி, முகம் முழுவதும் தடித்த படையாகப் பூசி, என் கோட்பாட்டின்படி ஐந்து நிமிடம் வெயிலில் நின்றேன். மயிர் நன்றாக ஊறட்டும் என்று மேலும் ஐந்து நிமிடம் நின்றேன்.

பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் வைத்தால் அது தோல்போல இறுகிப் பனாட்டு ஆகும். இது வலிகாமத்திலே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. பாய்க்கும் முகத்துக்கும் வெயில் வேறுபாடு காட்டாது என்பது மட்டும் பண்டிதருக்குத் தெரியாமற் போயிற்று.

முகம் இறுகிவிட்டது, வாயைத் திறக்க முடியவில்லை. அலகை வைத்தேன். அது கன்னத்திற் பனாட்டின்மேல் வழுக்கி, மூக்கருகே ஒரு தும்பில் இடறி, உதட்டின் மேலேறி, இடப்பக்க மீசையிற் பாதியை அள்ளிக்கொண்டு போயிற்று. வலப்பக்கத்தை அதற்கு ஒப்பச் சிறிது குறைத்தேன். அது மிகுதியாகக் குறைந்தது. இடப்பக்கத்தை மறுபடியும் குறைத்தேன். அணியிலக்கணம் கற்றவனுக்குச் சமநிலை உயிரினும் பெரிது. காற்பங்கு நாழிகையில் இரு பக்கமும் முற்றாகச் சமமாகிவிட்டன: இரண்டிலும் ஒன்றுமில்லை.

எவ்வளவு கழுவியும் கன்னத்தின் மஞ்சட் கறையும் பனங்காய் வாசனையும் போகவில்லை. வீட்டில் விழித்திருப்பார் எவருமில்லை. அப்பா போர்த்துக்கொண்டு உறங்கினார். சாதக உறையைச் சட்டைப்பையில் வைத்துத் துவிச்சக்கரவண்டியில் ஏறினேன்.

சுன்னாகத்தில், எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர் ஒருவர் என்னைக் கண்டதும் வண்டியை விட்டிறங்கினார். என் தோளைப் பற்றினார்.

"என்ன தம்பி செய்யிறது... எல்லாம் அவன் செயல். மனதைத் தேற்றிக்கொள்ளும்."

ஒரு மீசைக்காக இவ்வளவு இரங்கும் உள்ளமும் உலகில் உண்டே என்று நெகிழ்ந்து, "ஓம் ஐயா, திருப்பி வரும்தானே," என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே கூற வேண்டும். தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மகன் மீசையை எடுப்பான். தொலைபேசி இல்லை, தபால் இல்லை, வானொலிக்கு மின்கலம் இல்லை என்ற நாளில், மீசையிழந்த முகமே மரண அறிவித்தல். தகப்பன் மூன்று கிழமையாகக் காய்ச்சலிற் கிடக்க, ஒரே மகன் முந்தாநாள் வரை இருந்த மீசையின்றித் தெருவில் வந்தால், அதை வாசிக்க எழுத்தறிவும் வேண்டியதில்லை. அன்று அதை வாசிக்கத் தெரியாதிருந்தவன், அந்த அறிவித்தலை முகத்திற் சுமந்து புத்தூர் வரை வண்டி மிதித்த நான் ஒருவனே.

படலையடியில் நின்ற நல்லதம்பியர் என்னைக் கண்டதும் தோளிற் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பிற் கட்டினார். 'வாங்கோ' என்ற சொல் வரவில்லை. வீட்டினுள்ளே அழைக்காமல் முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு நாற்காலி போட்டார். தேநீரும் வரவில்லை. பெண்ணின் தாயார் முன்றானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோடு நின்றார். வாசனை அங்கு வரை போகிறது என்று நினைத்து நான் நாற்காலியைச் சற்றுப் பின்னே நகர்த்தினேன்.

"அம்மா எப்பிடித் தம்பி? தாங்கிறாவோ?" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"அம்மா இன்னும் பாக்கேல்லை. பாத்தால் விழுந்து விழுந்து சிரிப்பா எண்டு நினைக்கிறன்."

நல்லதம்பியர் மனைவியை நோக்கினார். "அதிர்ச்சியிலை அப்பிடித்தான் கதைப்பினம்," என்று மெல்லச் சொன்னார்.

அவ்வேளையிற் கொட்டிலில் நின்ற பசு, கயிறு அறுந்துவிடும்போல இழுத்து, என் கன்னத்தை நோக்கி நாவை நீட்டி "அம்மா" என்று கதறியது. பனங்காய்க்குப் பசு கதறுவது இயல்பு. தாயாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியளே... வாயில்லாச் சீவனுக்கும் விளங்குது."

யன்னற் கம்பிகளுக்கு அப்பால் யோகராணியின் முகம் ஒரு கணம் தெரிந்தது. அவள் கண்களில் நீர். அவளுக்கு என்னிடம் பிடித்த ஒரே உறுப்பை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்; அவள் அழாமல் என் செய்வாள்? உறையை நீட்டினேன். நல்லதம்பியர் அதைக் கையால் வாங்கவில்லை. "உதிலை வையும் தம்பி," என்று மதிலைக் காட்டினார். வைத்தேன். பறக்காதிருக்க அதன்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்தார்.

"அப்ப நான் போட்டு வாறன்."

மறுமொழி இல்லை. 'போட்டு வாங்கோ' என்ற சொல்லைச் சாவீட்டுக்காரருக்குச் சொல்வதில்லை. படலையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். நான் இருந்த நாற்காலியின்மேல் தாயார் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சாவுத் தீட்டாகிய துடக்கைக் கழுவுகிறார் என்பதை அறியேன். என்னையே கழுவுகிறார் என்று நினைத்தேன். சம்பந்தம் முடிந்தது என்று துணிந்து, வழிநெடுக ஈக்கள் பின்தொடர வீடு சேர்ந்தேன்.

முற்றத்தில் அம்மா என்னைக் கண்டார். கையிலிருந்த மருந்துப்போத்தல் விழுந்தது.

"அட பாவி! கொப்பர் உயிரோடை கிடக்கேக்கை மீசையை எடுத்துப்போட்டு நிக்கிறியே! உந்தக் கோலத்திலையோ புத்தூருக்குப் போனனீ?"

அக்கணத்தில் மாமரம், சிரட்டை, வாளி ஆகிய அனைத்தும் ஒருங்கே எனக்குப் பொருள் விளங்கின. (பொருள்கோள் என்பது செய்யுளுக்கு மட்டும் உரியதன்று.) வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஓராண்டுக்குக் கலியாணம் இல்லை, துடக்கோடு பெண்வீட்டு முற்றத்தில் ஏறியவனுக்கோ என்றுமே இல்லை. உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது:

"எடுத்தது எடுத்துப்போட்டான். விடப்பா. என்ரை செத்தவீட்டுக்கு ஆரார் வருகினம் எண்டு பாப்பம்."

பொழுது சாய்ந்துவிட்டமையால், விடிந்ததும் புத்தூர் சென்று உண்மை கூறுவதாக முடிவாயிற்று. தோட்டக்காரருக்கு எனக்கு முன்னரே விடிந்துவிடும் என்பதை நான் கருதவில்லை. வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, பதுக்கிவைத்த மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்று புகை கக்கியபடி எங்கள் படலையில் நின்றது. நல்லதம்பியர் இறங்கினார், அவர் மனைவி இறங்கினார், ஒப்பாரிக்குப் பேர்போன அவர் தமக்கையார் இறங்கும்போதே தொடங்கிவிட்டார்.

"என்ரை ராசாவே! மகனுக்கு மாலை பாக்க முன்னம் போட்டியளே! போன வழி சொல்லாமல் போட்டியளே!"

காய்ச்சல் அன்றுதான் விட்டிருந்த அப்பா, தோளில் துவாயும் கையிற் கஞ்சிக் கோப்பையுமாக வாசலுக்கு வந்தார்.

"ஆர் செத்தது, பிள்ளை?"

தமக்கையார் ஒப்பாரியின் அடுத்த அடியை எடுக்கவில்லை. வாய் திறந்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நல்லதம்பியரின் கையிலிருந்த பொட்டலம் நழுவியது.

"அண்ணை... நீங்கள்..."

"நான் வீட்டிலைதான் நிக்கிறன். உதென்ன பார்சல்?"

"சீனி அண்ணை. செத்தவீட்டுக்கெண்டு..."

"சீனியோ! ஆறு மாதமாய் இந்த வீடு காணாத சாமான். முதலே தெரிஞ்சிருந்தால் ஆடியிலையே செத்திருப்பன்."

நல்லதம்பியர் சிரிக்கவில்லை. முகம் சிவக்க என் பக்கம் திரும்பினார்.

"தேப்பனைச் சாக்காட்டிப்போட்டுச் சாதகம் கொண்டந்தவனுக்கோ என்ரை பிள்ளையைக் குடுக்கிறது? இண்டையோடை இந்தக் கதையை விடுவம்!"

நான் தற்குறிப்பேற்ற அணி முதலாகக் கற்ற எதுவும் நாவிற்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்: குழாய் முடிந்ததை, பனங்களியை, வெயிலை, பனாட்டை, சமநிலையை. சொல்லச் சொல்ல, அவர் மனைவியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று எண்ணினேன்.

"பனாட்டோ... முகத்திலையோ..." என்று அவர் சிரிப்பை அடக்கமாட்டாது படலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்கடை மாடு இழுத்தது அதுக்கே!"

அப்பா கஞ்சியை ஒரு மிடறு குடித்தார்.

"நல்லதம்பி, செத்தவன் நான். நானே கோவிக்கேல்லை. உமக்கென்ன கோவம்?"

நல்லதம்பியர் நெடுநேரம் என் மேலுதட்டைப் பார்த்தார். பின்னர்ச் சொன்னார்: "பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

யோகராணியின் விடை மறுநாள் தரகர் வாயிலாக வந்தது: "மீசை முளைச்சாப் பிறகு நாள் வைக்கட்டாம்." ஆக, எங்கள் முகூர்த்தத்தைக் குறித்தவர் சோதிடர் அல்லர், என் மேலுதடே. சாதகம் அப்போதும் மதிலில் சிரட்டையின் கீழேதான் கிடந்ததாம். துடக்குக்காக ஒருவரும் தொடவில்லை. எடுத்துப் பிரித்தபோது மூன்றாம் வரியிலேயே எழுதியிருந்தது: 'பிதா தீர்க்காயுள்.'

கார்த்திகையிற் கலியாணம். புகைப்படத்திற் காணும் மீசையில் ஏறத்தாழப் பாதி, மைத்துனியின் கண்மை.

சாதகம் பொய்க்கவில்லை. அப்பா அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார். நான் சவரக்கருவியைக் கையில் எடுக்குந்தோறும் அவர் உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "எடேய், கவனம். நான் இன்னும் இருக்கிறன்." யோகராணி, "மாமாவிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டு வழியுங்கோ," என்பாள். பிள்ளைகளும் பின்னர் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

எண்பத்தேழாம் வயதில், காலைக் கஞ்சியைக் குடித்து முடித்த பின்னர், அவர் உண்மையாகவே போனார். கொள்ளி வைத்து, முறைப்படி மீசையை எடுத்து, எட்டாம் நாட் கிரியைக்கு வாசலில் நின்றேன். புத்தூரிலிருந்து வந்த மூதாட்டியாகிவிட்ட அந்த ஒப்பாரித் தமக்கையார் படலையில் இறங்கி, என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. என்னைக் கடந்து உள்ளே சென்று, அப்பா நாள்தோறும் சாய்ந்திருந்த சாய்மனைக் கதிரையைப் பார்த்து, அது வெறுமையாக இருந்ததைக் கையால் தொட்டும் பார்த்துவிட்டு, அதன் பின்னரே அழத் தொடங்கினார்.