மேடையைத் தர மாட்டேன், மாப்பிள்ளை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் எலும்பு எதுவும் உடையாமல் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் அதேபோல முழுசாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. எலும்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டதற்குக் காரணம், உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் அந்தச் சொல் பதினோரு இடத்தில் வருகிறது.

நீங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. முந்நூறு பேர் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தலைக்கவசம் மாட்டிக்கொள்கிறார்கள். நான் அந்த முந்நூறில் ஒருவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து என் மடக்கு மேடையை எடுத்துக்கொண்டு போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், உட்காருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். மேடையை மட்டும் தர மாட்டேன். முப்பத்திரண்டு வருடம் ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சீட்டுக் கிழித்த நடத்துநர் நான். என்னைப் பார்த்து, அசையாத வீட்டுக்குள் இரண்டடி உயரத்தில் நிற்காதீர்கள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

போன வருடம் சாப்பாட்டு நாற்காலியின் மேல் முக்காலியைப் போட்டு நான் ஏறியதையும், முக்காலி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று பிரிந்து போனதையும், ஆறு வாரம் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்ததையும் நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் போட்ட சட்டப்படி, எதற்கும் ஏறாமல் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டோம். சமையலறை விளக்கு போனதும் அவருக்குப் போன் செய்தேன். "இதோ கிளம்பிட்டேன் சார், பாதி வழியில இருக்கேன்" என்றார். மறுநாளும் பாதி வழியில் இருந்தார். பத்தொன்பது நாள் அவர் பாதி வழியிலேயே இருந்தார், உங்கள் அத்தை இருட்டில் ஒவ்வொரு டப்பாவாக நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு எது சர்க்கரை எது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இருபதாம் நாள் ஹார்டுவேர் கடைக்குப் போய் மேடையை வாங்கினோம். பெயின்டர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவார்களே, அதுதான். அலுமினியப் பலகை, இரண்டு முனையிலும் மடங்கும் கால்கள், விரித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். ஏணி மாதிரி ஒரே இடத்தில் தொற்றிக்கொண்டு நிற்க வேண்டாம், நாலு எட்டு நடக்கலாம். கடைக்காரர் அதன் மேல் ஏறிக் குதித்தே காட்டினார்.

வீட்டில் விரித்தால் அது ஆடியது. எங்கே வைத்தாலும் ஆடியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, கோளாறு தரையில். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரை வரவழைத்து, "இருபது வருஷமா எங்கள கோணல் தரையில நடக்க விட்டிருக்கீங்களே, இது நியாயமா?" என்று கேட்டேன். மனிதர் ரசமட்டத்தை எடுத்துக் கூடம் முழுக்க வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது, நகர மாட்டேன் என்றது. அப்புறம் மேடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் காலில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க இருந்த ஓட்டைகளை விரலால் எண்ணினார். "சார், மூணு கால் மூணாவது ஓட்டையில நிக்குது. இது மட்டும் ரெண்டாவதுல நிக்குது" என்றார். உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். கொத்தனார் டீ குடித்து முடிக்கும் வரை சிரித்தார். இது உங்கள் காதுக்கு வரும் முன் நானே எழுதிவிடுகிறேன், எனக்கு மறைக்க எதுவும் இல்லை.

நாலு காலையும் சரிசெய்த பிறகு ஒரு குறையும் இல்லை. விளக்கு மாட்டியாயிற்று. மின்விசிறி துடைத்தாயிற்று. பிறகு குளியலறைக்குப் போகும் நடையின் கூரைக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினோம். அதில் என் வழுக்கையில் பாதி வெள்ளையானது, மேடைக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி என் கட்டைவிரல் நசுங்கியது. மேலே நின்று பூசுகிறவனின் விரல் கீழே எப்படிப் போனது என்று பாதுகாப்பு அதிகாரி தோரணையில் கேட்காதீர்கள். வேலை என்று வந்தால் விரல் எங்கே வேண்டுமானாலும் போகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அப்பா வந்தார். வந்தவர் நேராகக் குளியலறைக்குள் போனார். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. மேடையை அதன் எதிரில் நகர்த்திய பிறகுதான் உள்ளே ஆள் இருப்பது ஞாபகம் வந்தது, அதற்குள் பூச்சு ஆரம்பித்தாயிற்று. பூச்சைப் பாதியில் விட்டால் காய்ந்து கோடு விழும் என்பது பெயின்ட் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அவர் தட்டினார். "இன்னும் ஒரு முழம்தான் சம்பந்தி, பொறுத்துக்கோங்க" என்று மேலிருந்து பதில் போயிற்று. இருபத்தைந்து நிமிடம். உள்ளே தண்ணீர் இருந்தது, வெளிச்சம் இருந்தது, உட்காரவும் இடம் இருந்தது. இதற்கா நாலு பக்கம் எழுதுவீர்கள்? அவர் வெளியே வந்து சொன்னதை நான் எழுதப்போவதில்லை, எனக்கு மரியாதை தெரியும்.

முடிவாகச் சொல்கிறேன். ஒரு மனுஷன் தன் வீட்டு விளக்கைத் தானே மாட்ட முடியவில்லை என்றால் அது அவன் வீடே இல்லை, ஏதோ வாடகை அறை மாதிரி. இன்றைக்கு மேடையை எடுப்பீர்கள், நாளைக்கு அடுப்பை எடுப்பீர்கள், அப்புறம் எங்களையே எடுத்து உங்கள் வீட்டு ஓரத்தில் வைப்பீர்கள். இந்த மாமா பயந்தவன் இல்லை. ஏறியே தீருவேன்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்திக்கு என் வணக்கங்கள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதற்கும் இறங்காத உங்கள் மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. உறையில் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டு மாமா தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். அந்த மேடையில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. முக்காலியிலிருந்து விழுந்த பிறகு அவர் வாசற்படி இறங்கவே சுவரைப் பிடித்துக்கொள்கிறார். விளக்கு, மின்விசிறி, கூரை எல்லாம் நான்தான். குளியலறைக்குள் உங்கள் அப்பா காதில் விழுந்ததும் என் குரல்தான், அவர் பெருந்தன்மைக்காரர், சொல்லாமல் விட்டிருப்பார். முப்பது வருடம் துணி தைத்தவள் நான், நேர்க்கோடு தவற மாட்டேன். கூரையில் ஒரு கோடு தெரிகிறதா என்று அவரையே வந்து பார்க்கச் சொல்லுங்கள். என் உயரத்துக்கு மேல் அலமாரியில் என்ன இருக்கிறது என்றுகூட எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. போன வாரம் ஏறிப் பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு முன் தொலைந்த என் கத்தரிக்கோல் அங்கே இருந்தது, கம்பி வெட்டிய தழும்போடு. யார் ஒளித்தது என்று நான் கேட்கவில்லை. பாவம், நான் மேலே நிற்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேடைக் காலைப் பிடித்திருப்பார். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று கேட்பார். "இருக்கேன்" என்பேன். கடிதத்தில் அவர் எழுதிய வீரத்தை அப்படியே நம்பிவிடுங்கள், நேரில் எதுவும் கேட்காதீர்கள். மேடை என்னுடையது. அதைத் தருவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். படுக்கையறைக் கூரை பாக்கி இருக்கிறது, அந்தப் பக்கத்துக் காலைப் பிடிக்க ஆள் இல்லை.