யானைக்கும் அணிலுக்கும் ஒரே துப்பாக்கி

மொன்டானாவில் எங்கள் ஹாரோ மாவட்டத்தில் துப்பாக்கி இல்லாத வீடு ஒன்று இருக்கிறது என்ற அதிர்ச்சியான தகவல் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தது. அது டார்லா ஹாகனின் வீடு.

டார்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அந்தக் கோடையில் அவள் புருஷன் வீட்டை விட்டுப் போனான். போகும்போது நாயையும் துப்பாக்கியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். மூன்று பிள்ளைகளை மட்டும் மறந்துவிட்டான். அந்த வருஷம் பார்த்துத்தான் டார்லாவுக்குக் குலுக்கலில் பெண் எல்க் ஒன்று சுட அனுமதி விழுந்தது. எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். ஒன்று விழுந்தால் நாலு பேர் குடும்பத்துக்கு அடுத்த கோடை வரை கறிக்குக் கவலையில்லை. விழாவிட்டால் பஸ் ஓட்டும் சம்பளத்தில் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் முழுக்க மாவும் பீன்ஸும்தான்.

சாதாரணமாக இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் ஊரில் துப்பாக்கியை இரவல் கொடுப்பது ஏணியை இரவல் கொடுப்பது மாதிரி. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் கொடுப்பார்கள். டார்லா கதவைத் தட்டக் கிளம்பினாள். அதற்குள் அரசாங்கம் உதவ முன்வந்துவிட்டது.

நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதுபோல் துப்பாக்கியும் இரவல் தருவது என்று மாவட்டம் தீர்மானம் போட்டது. பணமும் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும். ஆகவே அந்த ஒன்று எல்லா வேட்டைக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். அதைத் தக்க ஆலோசனைக்குப் பின் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் கிளேட்டன் ரஸ்க். சாலைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஒரு சாலையையும் முடிக்காமல் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர். உறுப்பினர்கள் ஹோபர்ட் லுண்டும் டஸ்டின் க்ரூவும். செயலாளர் நான். மாவட்ட ஆபீசில் குமாஸ்தா. மாவட்டத்திலேயே துப்பாக்கி பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரே ஆள் என்பதால் என்னைப் போட்டார்கள்.

குழுவின் முதல் நடவடிக்கை, குழு முடிவெடுக்கும் வரை டார்லாவுக்கு யாரும் சொந்தத் துப்பாக்கியை இரவல் தரக்கூடாது என்று அறிவித்தது. தந்தால் அது குழுவின் மீது செலுத்தப்படும் செல்வாக்காகக் கருதப்படும் என்று மாவட்ட வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். துப்பாக்கித் தோட்டாக்களுக்கு இங்கே பெயரைவிட எண்தான் முக்கியம். ஹோபர்ட்டின் தாத்தா முப்பதாறு (.30-06 என்று எழுதுவார்கள்) என்ற தோட்டாவைச் சுட்டார், அப்பா அதையே சுட்டார், ஹோபர்ட்டும் அதையே சுடுகிறார். நெல் மூட்டை மாதிரி கனமான மனிதர். அதே கனத்தோடு பேசுவார். டஸ்டின் ஆறரைக் கட்சி. ஆறரை மில்லிமீட்டர் தோட்டா என்பது அண்மையில் வந்த நாகரிகம். அதைச் சுடுகிறவர்கள் வீடியோ பார்த்துத் துப்பாக்கி வாங்குவார்கள், தாடி வளர்ப்பார்கள், இலைதழை அச்சடித்த உடையைக் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு வருவார்கள். டஸ்டினின் கைக்குட்டையில்கூட இலைதழை உண்டு. கீழே விழுந்தால் அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுக்குப் போன ஊரில் பிறந்தவன் நான். முதல் கூட்டத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தலைவர் அவர்களே, பேச என்ன இருக்கு?" என்றார் ஹோபர்ட். "முப்பதாறு. எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

"ஏன், உங்க தாத்தாகூட ஒண்ணா மியூசியத்துல வைக்கவா?" என்றார் டஸ்டின்.

"எங்க தாத்தா சுட்ட எல்க் செத்துச்சுப்பா. உன் ஆறரையால அடிச்சா எல்க் திரும்பிப் பாத்து, யாரது கூப்பிட்டதுன்னு கேக்கும்."

"உங்களது தோள்பட்டையைப் பேத்துடும். பொம்பளைங்க, பசங்க எப்படிச் சுடுவாங்க?"

"என் பொண்டாட்டி சுடுறா."

"உங்க பொண்டாட்டி மாட்டையே தூக்குவாங்க, ஹோபர்ட்!"

ஹோபர்ட் எழுந்தார். தலைவர் மேசையைத் தட்டினார். இரு தரப்பையும் திருப்திப்படுத்தும் பொருட்டு, தேர்ந்தெடுக்கப்படும் துப்பாக்கிக்கான தகுதிகளை முதலில் வகுப்பது என்று முடிவாயிற்று. அது மலை ஏறும்போது எடையில்லாமல் இருக்க வேண்டும். சுடும்போது தோளை உதைக்காதபடி கனமாக இருக்க வேண்டும். காட்டில் கிளையில் மாட்டாமல் குட்டையாகவும், வெட்டவெளியில் தொலைவுக்குப் போகும்படி நீளமாகவும் இருக்க வேண்டும். கரடி ஓடிவந்தால் நிறுத்த வேண்டும், அணிலைச் சுட்டால் அணில் மிச்சம் இருக்க வேண்டும். இவை அனைத்தும் ஏகமனதாக நிறைவேறின.

வேட்டைக் காலம் தொடங்கியது. மலையில் பனி விழுந்தது. எல்க் கூட்டங்கள் டார்லாவின் வீட்டுக்குப் பின்னாலேயே இறங்கி வந்து வைக்கோலைத் தின்றன. அவள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் கூட்டத்துக்கு அவளே வந்துவிட்டாள். பஸ் ஓட்டும்போது பிள்ளைகளை அடக்குகிற அதே குரலில் பேசினாள்.

"கிளேட்டன், எனக்கு எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் சரி. ஒரு ஓட்டை இருக்கணும், அது வழியா குண்டு வரணும். அவ்வளவுதான்."

"டார்லாம்மா, உனக்காகத்தானே இவ்வளவு பாடும்? நாளைக்கு வாத்து சுடணும்னு ஒருத்தர் வந்து நின்னா என்ன பண்றது?"

"வாத்தை ரைஃபிள்ல சுடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ரெண்டாம் கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரியும்."

"சட்டம் தெரியும். ஆனா தீர்மானத்துல 'எல்லா வேட்டைக்கும்'னு இருக்கே. வாத்து வேட்டை வேட்டை இல்லையா?"

வாத்து வேட்டை வேட்டைதான் என்று ஹோபர்ட்டும் டஸ்டினும் முதல் முறையாக ஒத்துக்கொண்டார்கள். குழுவின் பணியில் இது ஒரு மைல்கல் என்று தலைவர் பாராட்டினார். வாத்தைப் பற்றி ஆராய ஒரு வாரம் ஒதுக்கப்பட்டது.

ஹோபர்ட் நல்ல மனிதர். வெளியே வந்ததும் டார்லாவிடம் குரலைத் தாழ்த்தி, "என் வண்டியில ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போ. யாரும் பாக்கல" என்றார். டஸ்டின் பார்த்துவிட்டார். "இது கட்சி மாத்துற வேலை! குடுக்கிறதா இருந்தா நானும் குடுப்பேன்!" என்று தன் வண்டிக்கு ஓடினார். இருவரும் ஆளுக்கொரு துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். டார்லா இரண்டு கையையும் நீட்டினாள். தலைவர் ஓடிவந்து வக்கீலின் கடிதத்தைப் படித்தார். இரண்டு துப்பாக்கியும் வண்டிக்குள் திரும்பிப் போயின. நான் நடந்ததைக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் கூட்டத்தில் யானை வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் தலைவர்தான். பெரிய மிருகங்களின் வரிசை கரடியோடு முடிந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யானை?"

"நம்ம மாவட்டத்துல யானை ஏது கிளேட்டன்?" என்றேன் நான். செயலாளர் பேசக்கூடாது, தெரியும். வாயில் வந்துவிட்டது.

"இல்லைன்னு எழுத்துல குடுப்பீங்களா?"

"நான் எப்படிக் குடுக்கிறது?"

"பாத்தீங்களா! நாளைக்கு ஆடிட்டர் வந்து, எல்லா வேட்டையும்னு போட்டிருக்கீங்களே, யானையை ஏன் விட்டீங்கன்னா யார் பதில் சொல்றது? நீங்களா?"

நான் பதில் சொல்வதாக இல்லை. ஆகவே, எங்கள் மாவட்டத்தில் யானை இல்லை என்று அத்தாட்சி வழங்குமாறு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் ஆச்சரியமான வேகத்தில் வந்தது. மேற்படி மாவட்டத்தில் யானை இருப்பதாக இதுவரை பதிவு ஏதும் இல்லை என்றும், பதிவு இல்லாததை யானை இல்லாததற்கான உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும், யானை தென்பட்டால் உடனடியாகத் தெரிவிக்குமாறும் அதில் இருந்தது.

யானை பட்டியலில் ஏறியது. யானையை வீழ்த்தும் துப்பாக்கியால் அணிலைச் சுட்டால் அணில் மிச்சம் இருக்குமா என்ற கேள்வியில் இரண்டு கூட்டங்கள் போயின. டஸ்டின் வீட்டிலிருந்து வீடியோக்கள் கொண்டுவந்து காட்டினார். ஹோபர்ட் தாத்தாவின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். ஊரும் இரண்டாகப் பிரிந்தது. முடிதிருத்தும் கடையில் ஆறரைக்காரர்களுக்குத் தனி நாற்காலி போட்டார்கள். டார்லாவை மளிகைக் கடையில் பார்ப்பவர்கள் எல்லாரும் நிறுத்தி, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசிக் கூட்டம் வேட்டைக் காலத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடியது. முந்தின வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி விழாவுக்கு வாங்கிய வான்கோழியின் மிச்சத்தை ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள். டார்லா நின்றுகொண்டே இருந்தாள். வெளியே சூரியன் மலையைத் தொட்டிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கு," என்றாள். "ஒரு மணி நேரத்துக்கு ஒரு துப்பாக்கி குடுங்க. ஒரே ஒரு குண்டு போதும். இப்பவே வீட்டுக்குப் பின்னால பன்னெண்டு நிக்குது."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. அவர் இரக்கமில்லாதவர் இல்லை.

"டார்லா, உன் கோரிக்கை குழுவின் தீவிரப் பரிசீலனையில் இருக்கு."

"எல்க் பரிசீலனைக்கு நிக்காது கிளேட்டன்!"

அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். அடுத்த வேட்டைக் காலத்துக்குள் நிச்சயமாக முடிவெடுப்பது என்று தீர்மானித்துக் கூட்டம் கலைந்தது. நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு வண்டியில் அதே சாலையில் திரும்பினோம். அந்தச் சாலையும் கிளேட்டன் முடிக்காமல் விட்ட ஒன்றுதான். ஆற்றுப்பாலம் தாண்டி வளைவில் திரும்பியதும் டார்லாவின் வண்டி குறுக்கே நின்றது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி ஆவி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கொழுத்த பெண் எல்க் ஒன்று செத்துக் கிடந்தது. டார்லா சாலையோரத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி பலமில்லை.

வண்டியில் அடிபட்டுச் செத்த மிருகத்தை, வனக்காவலர் வந்து பார்த்து அனுமதி எழுதினால், எடுத்துக்கொள்ளலாம். இங்கே அதுதான் வழக்கம். காவலர் வந்தார். இளைஞர், இந்தப் பக்கத்துக்குப் புதிது. டார்ச் அடித்துச் சக்கரத் தடத்தைப் பார்த்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"மேடம், வேணும்னே இடிச்சீங்களா?"

"வேணும்னு இடிக்கிறதா இருந்தா அந்தக் கமிட்டி ரூமைப் போய் இடிச்சிருப்பேன்."

காவலர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். கிளேட்டன் எல்க்கைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு ஒளி வந்தது.

"கூட்டம் இல்லைன்னா டார்லா இந்த ரோட்டுக்கு வந்திருக்க மாட்டா, இல்லையா?"

"மாட்டா" என்றார் ஹோபர்ட்.

"கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிருந்தா எல்க் இங்க வந்திருக்காது."

"வந்திருக்காது" என்றார் டஸ்டின்.

"அப்போ இது குழுவோட எல்க்! ஒரு தோட்டா செலவில்லாம, ஒரு துப்பாக்கி வாங்காம, பயனாளிக்குக் கறி கிடைக்கப் பண்ணியிருக்கோம். எழுதிக்கோங்கய்யா!"

நான் எழுதிக்கொண்டேன். அதில் தவறு எங்கே என்று இன்றுவரை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

"என் வண்டி?" என்றாள் டார்லா. "நாளைக்குக் காலைல நான் பஸ் டிப்போவுக்கு எப்படிப் போறது?"

"அதுக்கும் வழி பண்ணிடலாம்" என்றார் தலைவர். துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய வண்டி ஒன்று வாங்கி இரவலுக்கு வைக்கலாம். பனிக்கும் சேற்றுக்கும் மலைக்கும் சந்தைக்கும் பொருந்துகிற மாதிரி.

எந்தக் கம்பெனி வண்டி என்ற பேச்சு வந்ததும் ஹோபர்ட் ஒரு பெயரைச் சொன்னார். டஸ்டின் சிரித்தார். இந்த நாட்டில், எங்கள் ஊரில் எல்லாரும் ஓட்டுகிற, பின்னால் சரக்குத் தட்டு வைத்த பிக்கப் வண்டி செய்கிற கம்பெனிகள் சில உண்டு. பெயரைச் சொன்னால் பாதி ஊர் என்னோடு பேசாது, அதனால் சொல்லவில்லை. நான் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. டார்லா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள், பாவமாக இருந்தது. எல்க்கின் வயிற்றைக் கீறி உடனே சுத்தம் செய்யாவிட்டால் கறி கெட்டுவிடும். பிள்ளைகள் தனியாக இருப்பார்கள்.

"வா டார்லா, சீக்கிரம் வேலையை முடிச்சு என் வண்டியில ஏத்திடுவோம். வீட்டுல கொண்டு விடுறேன்" என்றேன்.

அவள் என் வண்டியைப் பார்த்தாள். முன்னால் இருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தாள்.

"அதுலயா? நான் நடந்தே போவேன்."

"ஏன், என் வண்டிக்கு என்ன குறைச்சல்?"

"அந்தக் கம்பெனி செய்றதெல்லாம் வண்டியா? தகர டப்பா! என் எல்க்கை அதுல ஏத்தினா எல்க்குக்கே அவமானம்!"

இருபது வருஷமாக எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் இல்லாமல் இருந்தவன் நான். அன்றைக்கு என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. டார்லாவின் சத்தம் அதைவிடப் பெரிது. ஹோபர்ட்டும் டஸ்டினும் அவரவர் வண்டியின் மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டினார்கள். கிளேட்டன் நடுவில் நின்று தகுதிகளை வகுத்துக்கொண்டிருந்தார்.

காவலர் அனுமதிச் சீட்டைக் கிழித்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை. "மேடம், கறி கெட்டுப் போயிடும். கத்தி இருந்தா குடுங்க, நானே கீறிடறேன்" என்றார்.

நாங்கள் ஐந்து பேரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"அது கிடக்கட்டும் தம்பி" என்றாள் டார்லா. "நீங்க என்ன வண்டி வெச்சிருக்கீங்க?"

அவர் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.