பக்குவம் வராத பெட்டி

மனித குலத்தில் பக்குவஸ்தர் என்றோர் இனம் இருக்கிறது. கையில் இருக்கும் நல்ல பொருளை இன்றைக்கு அனுபவித்தால் அது பறக்காவெட்டித்தனம், நாளைக்கு அனுபவித்தால் அது ரசனை என்று நம்புகிறவர்கள். எங்கள் பினார் தெல் ரியோவில், கோழி மேயும் கொல்லையில்கூடப் புகையிலை முளைக்கிற ஊரில், இந்த இனம் சுருட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மரியாதைக்கு ஒரு புதுச் சுருட்டை நீட்டிப் பாருங்கள். உடனே மறுக்க மாட்டார். வாங்குவார், மூக்கடியில் ஓட்டுவார், காதருகே வைத்து மெல்ல அமுக்கிக் கேட்பார், கண்ணை மூடித் திறப்பார், பிறகு நோயாளியின் உறவினரிடம் டாக்டர் விடுவாரே, அந்தப் பெருமூச்சை விடுவார்.

“நேத்து சுருட்டினதா? ஐயய்யோ, பச்சைக் குழந்தைங்க இது. இதையா கொளுத்தப் போறீங்க?”

அதோடு விடுவாரா? புதுச் சுருட்டில் குதிரை லாயத்து நெடி போகவில்லை என்பார். மூன்று வருஷத்தில் காரம் அடங்கும், ஐந்தில் கோக்கோ வாசம் எட்டிப்பார்க்கும், பத்தில் சுருட்டே நம்மோடு பேசும் என்பார். சுருட்டு பேசுமோ என்னமோ, இவர் பேசி முடிப்பதற்குள் உங்கள் கையில் இருந்தது எரிந்து விரலைச் சுட்டிருக்கும். “பத்து வருஷச் சுருட்டு எத்தனை பிடிச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோயில் சிலைக்கு விலை கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

எங்கள் தெருவின் பக்குவஸ்தர் ஒனேலியோ. தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் இனத்தின் பிரதிநிதி, அவருடைய டோமினோ ஆட்ட ஜோடி காந்திதோ. ஆலையில் ஆயுசு முழுக்கச் சுருட்டுச் சுற்றியவர். ஆலையில் தொழிலாளிக்குத் தினமும் பிடிக்கச் சுருட்டு உண்டு. மேஜையில் சுற்றி, ஈரம் காய்வதற்குள் வாயில் வைத்துப் பழகிய மனிதர் அவர். பழைய சுருட்டுக்கு அவர் வைத்த பெயர் பிரேதம். “சமைக்கிறவன் சோத்தை ஆற வெச்சா திங்கறான்?” என்று கேட்டுவிட்டு இருமுவார். இந்தக் கட்சியும் லேசுப்பட்டதில்லை.

ஒனேலியோவின் மகள் ஓதாலிஸ் பிறந்தபோது ஞானத்தந்தை காந்திதோதான். தன் கையாலேயே ஒரு பெட்டி நிறையச் சுருட்டுச் சுற்றிக் கொடுத்தார். பிள்ளை பிறந்தால் ஊருக்குச் சுருட்டு கொடுப்பது வழக்கம். ஒனேலியோ ஊருக்குக் கொடுத்தது கடையில் வாங்கியது. காந்திதோவின் பெட்டி தேவதாரு அலமாரிக்குள் போயிற்று. பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில் திறப்பதாகச் சொன்னார். விழா நடந்தது, பெட்டி திறக்கவில்லை. கல்யாணத்துக்கு என்றார். கல்யாணமும் ஆகி, விவாகரத்தும் ஆகி, அந்த மாப்பிள்ளை வேறு ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு தொந்தியும் வைத்துவிட்டார். பெட்டிக்கு மட்டும் பக்குவம் வரவில்லை.

போன கோடையில் காந்திதோவை மகன் தெனெரீஃபே தீவுக்கே அழைத்துக்கொண்டான். இனி திரும்புகிற வயசில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புறப்படும் நாள் மதியம் பன்றிக் கறியும் கறுப்பு மொச்சைச் சோறும் தின்றுவிட்டு டோமினோ மேஜையில் உட்கார்ந்தோம். காந்திதோ காயைக் கவிழ்த்து வைத்தார்.

“மச்சான், அந்தப் பெட்டியைக் கொண்டா. ஆளுக்கு ஒண்ணு பத்த வைப்போம். நான் சுத்தினது என்ன ஆச்சுன்னு நான் ஒரு தடவை பாக்க வேணாமா?”

“பிரேதம்னு சொன்னியே?”

“சொன்னேன்டா. நீ பக்கத்துல உக்காந்து பிடிச்சா பிரேதமும் நல்லாத்தான் இருக்கும். கொண்டா.”

ஒனேலியோ கொண்டுவந்தார். கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். அந்த வாசனையை நான் என்ன சொல்ல! மேஜையில் எல்லோரும் மூக்கை நீட்டினோம். ஒனேலியோ குனிந்தார், முகர்ந்தார், ஒன்றை எடுத்துக் காதருகே அமுக்கினார், பழையபடி வைத்து மூடினார்.

“இன்னும் ரெண்டு மழை போகட்டும், மச்சான். இப்ப எடுத்தா பாவம்.”

அவர் மனைவி மிக்தாலியா அடுப்பங்கரையில் இருந்து கத்தினாள். “மனுஷனா நீ? அவரு இன்னைக்குப் போறாருய்யா!”

காந்திதோ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையில் இருந்து அன்று காலை சுற்றிய சுருட்டு ஒன்றை எடுத்து ஒனேலியோவின் கையில் திணித்தார். “இது உனக்கு. இன்னைக்கே பிடிச்சிடு. நான் பஸ்ஸுல போறப்ப இங்க நீ புகை விடுறேன்னு நினைச்சுக்கிறேன்.” விமான நிலையத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பக்குவஸ்தர் பிடித்தாரா? நண்பன் கையால் சுற்றிய கடைசிச் சுருட்டு, இதைப் போய்ப் பச்சையாக எரிப்பதா? வெளியில் இருந்து வரும் எந்தச் சுருட்டையும் முதலில் ஐஸ் பெட்டியில் உறைய வைத்து, இலையில் இருக்கும் வண்டு முட்டையைக் கொன்ற பிறகே சேர்ப்பவர் அவர். அந்த வாரம் ஊரில் கரண்டே இல்லை. ஐஸ் பெட்டிக்குள் இருந்தது வெந்நீர். வெளியே வைத்தால் காய்ந்துவிடுமே என்று பதறி, அந்தச் சுருட்டை அப்படியே பெட்டியில், மற்றவற்றின் தலைமேல் படுக்க வைத்துவிட்டார்.

ஆகஸ்டு வெக்கையில் ஒரு நாள் மூடியைத் திறந்தார். சுருட்டு ஒவ்வொன்றும் புல்லாங்குழல்போலத் துளை துளையாக இருந்தது. அடியில் மாவு. மூடியின் விளிம்பில் குண்டு வண்டு ஒன்று விருந்து முடித்த சம்பந்திபோல நிதானமாக நடந்துகொண்டிருந்தது. மிக்தாலியா எட்டிப் பார்த்தாள்.

“போகுது விடு. யாராவது ஒருத்தராச்சும் அனுபவிச்சாங்களே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெனெரீஃபேயில் இருந்து முதல் போன். நாங்கள் மேஜையில்தான் இருந்தோம், காந்திதோவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“அன்னைக்கே பிடிச்சியா? எப்படிடா இருந்துச்சு?”

“அமிர்தம், மச்சான்.”

“பெட்டியில வெச்சிட்டே, இல்ல?” என்று மட்டும் கேட்டார் காந்திதோ. ஒனேலியோ போனைக் காதில் வைத்தபடியே அழுதார். எனக்கும் தாங்கவில்லை. திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெட்டி கழுவி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதுச் சுருட்டுக் கட்டு. “இப்பவே போட்டு வெச்சாத்தாங்க பக்குவம் வரும்” என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் பீங்கான் கோப்பையில் இதுவரை யார் காபி குடித்தார்கள்? அட்டை பிரிக்காத அந்த அத்தர் யாருக்கு? ‘ஒழிந்தபோது நிதானமாகப் போய்ப் பார்க்கணும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, அந்த நண்பர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார், தெரியுமா? எதற்கும் பெட்டியின் மூடியில் ஒரு நிமிஷம் காதை வைத்துப் பாருங்கள். உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.