பத்து விநாடிக்கு ஒரு பதவி

பேரிடர்க் காலத்தில் ஃபோன் செத்தாலும் நிர்வாகம் சாகக்கூடாது என்ற உன்னத நோக்கத்துடன், எங்கள் ஸ்ரீவராகம் அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு ஒரு துறையிலிருந்து ஆணை வந்தது. நகரத்தில் பன்னிரண்டு வீடுகளிலும், பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்திலும் பாக்கெட் கண்ட்ரோலர் வைக்க வேண்டும். அது கைக்கடக்கமான ஒரு பெட்டி. கம்ப்யூட்டரில் அடித்த செய்தியை வயர்லெஸ் வழியாக அனுப்பும். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை என்பதால், ஒரு பெட்டி பேசும்போது மற்றவை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். நம் ஊரில் இந்த நாகரிகம் பெட்டிகளுக்கு மட்டும்தான் உண்டு.

செட்டிங்ஸ் போடுவது சங்கச் செயலாளரான என் பொறுப்பு. மேற்பார்வைக்கு அதிகாரி ஷைலஜா மேடம் வந்தார்.

"சாம்பசிவன் சாரே, இது என்னது, பீக்கன்?"

"பெட்டி அப்பப்போ தன் பேரைத் தானே சொல்லிக்கும் மேடம். அரை மணிக்கு ஒருதரம் போதும்."

"பெட்டி பேரு ஆருக்கு வேணும்? என் பேரும் டெசிக்னேஷனும் முழுசா வரட்டும். பத்து செகண்டுக்கு ஒருதரம், கேட்டோ. பன்னிரண்டு வீட்டுலயும்."

அப்படிச் செய்தால் அலைவரிசையில் வேறு யாரும் மூச்சுவிட முடியாது என்பது முப்பது வருட அனுபவஸ்தனான எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கீழே உங்க பேரும் போட்டுக்கோங்க சாரே" என்றார்.

எடுத்த வாயை மூடிக்கொண்டேன். 'நிறுவனர், நிரந்தரச் செயலாளர்' என்று நானே சேர்த்தும் கொண்டேன்.

ஒத்திகை நாளன்று பொன்முடியில் மெய்யாகவே மழை கொட்டியது. செல்ஃபோன் டவர் படுத்துவிட்டது. மேடத்தின் அலுவலகத்தில் நாங்கள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மேடம் பேர், என் பேர். மறுபடி மேடம் பேர், என் பேர். கண்கொள்ளாக் காட்சி.

"பொன்முடியில இருந்து ஒண்ணும் வரலியே மேடம்?"

"வரலேன்னா அங்க பிரச்சனை இல்லேன்னல்லே அர்த்தம்?"

'பொன்முடி: முழுப் பாதுகாப்பு' என்று அறிக்கை போனது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள், பொன்முடிப் பெட்டியைக் கவனிக்கும் ஜெபமலர் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நேரே அலுவலகத்துக்கு வந்தார். தேயிலை பறித்துக்கொண்டே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சிட்டு சாரே. எங்க லயத்து ஷிஜாவுக்கு பிரசவ நோவு கண்டுட்டு. ஜீப் அனுப்புங்கன்னு அடிச்சா, பெட்டி மூணு மணிக்கூர் அப்படியே நிக்குது. ரேடியோ முழுக்க உங்க ரெண்டு பேரு பேருதான். கடைசில நாற்காலில வச்சு நாலு வளைவு தூக்கிட்டு எறங்குனோம்."

"பிள்ளை?" என்றேன்.

"வழியிலேயே பெறந்துட்டு. ரெண்டு பேரும் சுகம்."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பீக்கனை நிறுத்திவிடலாம் என்றேன். மேடம் வெகுநேரம் யோசித்தார்.

"தப்பு நம்மளோடதுதான். ஜெபமலரோட சேவையை அங்கீகரிக்கணும். பீக்கன்ல அவங்க பேரையும் சேர்த்துடுங்க."

ஆணைப்படி சேர்த்தேன், என் பேருக்குக் கீழே. ஜெபமலர் திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். செவிட்டில் அறை ஒன்று விழும், விழட்டும் என்று தலைகுனிந்து நின்றேன்.

"சாரே, இனிஷியல் விட்டுப்போச்சே" என்றார். "அதைப் போட்டு, எங்க லயத்துப் பெட்டியிலயும் ஏத்திருங்க."