குழாயை ஆறாக வெட்டினால்

"விடை இன்னும் வரவில்லையே?" என்று மாமனார் குடும்ப குரூப்பில் மறுபடியும் தட்டியபோது, இளைய மாப்பிள்ளை குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். குளிப்பதற்கு அல்ல, சிந்திப்பதற்கு. அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. நாலு பேர் பார்க்கச் செய்யக் கூச்சமாக இருந்தது.

புதிர் இதுதான்: "ஒரு நீளமான குழாயை மூன்று துண்டாக வெட்ட ஆறு நிமிடம் ஆகிறது. அதே குழாயை ஆறு துண்டாக வெட்ட எத்தனை நிமிடம் ஆகும்? பன்னிரண்டு என்று சொல்ல வருகிறவர்கள், போய்ப் பல் தேய்த்துவிட்டு வரவும்."

மாப்பிள்ளைக்கு வந்த விடை பன்னிரண்டு. பல் தேய்த்துவிட்டு வந்து யோசித்துப் பார்த்தார். அப்போதும் பன்னிரண்டுதான் வந்தது.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க? அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு பாருங்க!" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"தெரியும். கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டிருக்கேன்."

"ரொம்பத் தவிக்க விடாதீங்க. எங்க வீட்ல உங்களை இப்பத்தான் மனுஷனா மதிக்கிறாங்க. கெடுத்துக்காதீங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவு மேலாளர் அவர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் அவருக்கு வைத்த பெயர் 'ஃபில்டரு'. மூத்த மாப்பிள்ளை பல் டாக்டர். அவர் வந்தால் சோபா. ஃபில்டரு வந்தால், சோபாவில் பல் டாக்டரின் பை இருக்கும், ஆகவே மடக்கு நாற்காலி. சாப்பாட்டு மேசையில் பேச்சு உலக விவகாரத்தைத் தொட்டால் எல்லோரும் பல் டாக்டர் பக்கம் திரும்புவார்கள். தண்ணீர் தீர்ந்தால் மட்டும் இவர் பக்கம்.

மாமனார் கல்வித் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய குரல் இன்னும் பணியில்தான் இருந்தது. தினமும் காலை நடை முடிந்து வந்ததும் குரூப்பில் ஒரு புதிர் போடுவார். கீழே ஒரு உபதேசம்: "விடையை நானே சொல்லிவிடலாம். ஆனால் அறிவு என்பது ஊட்டி விடுவதல்ல." குடும்பமே அதைப் படிக்காமல் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் மாப்பிள்ளை ஆபீசில் சும்மா இருக்கமாட்டாமல், பக்கத்து மேசை பில்லிங் மேடத்திடம் புதிரைக் காட்டினார். அந்த அம்மா கால்குலேட்டரிலிருந்து கையை எடுக்காமலே விடையைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அதைக் குரூப்பில் போட்டார். "சபாஷ்! சரியான விடை!" என்று வந்தது. மறுநாளும் சபாஷ். அதற்கடுத்த நாளும் சபாஷ். ஒரே மாதத்தில் பல் டாக்டரின் பை தரைக்கு இறங்கியது. ஃபில்டரு சோபாவுக்கு ஏறினார். இரண்டு வருஷமாக அவர் அந்த வீட்டின் அறிவாளி. இந்த ஏற்பாட்டுக்கு அவருடைய மனசாட்சி வைத்திருந்த பெயர், 'சக ஊழியருடன் கலந்தாலோசனை'.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் அறிவுக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். இந்த ஞாயிறு என்ன வந்ததோ, புதிர் போட்டுவிட்டார். பில்லிங் மேடமோ தங்கை வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அனுப்பிய செய்தி போய்ச் சேராமல் நின்றது. போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. அறிவு ஒரேயடியாக எல்லை தாண்டிப் போய்விட்டது.

மாப்பிள்ளை வாளியில் உட்கார்ந்தபடியே ஒரு தந்திரம் செய்தார். குரூப்பில் இப்படி எழுதினார்: "விடை கண்டுபிடித்து வெகு நேரம் ஆகிறது. எப்போதும் நானே சொல்கிறேனே, மற்றவர்களுக்கும் ஒரு வாய்ப்பு தரலாமே என்று காத்திருக்கிறேன்."

எழுதிவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். உடனே பதில் வந்தது.

"பெருந்தன்மை! ஆனால் மாப்பிள்ளை, இன்று விடை எனக்கு அவசியம் வேண்டும். அதை உங்கள் வாயாலேயே கேட்க நேரில் வருகிறேன். உங்கள் அத்தையும் வருகிறாள். மூத்த மாப்பிள்ளை காரில் வருகிறோம்."

வாளி ஒரு பக்கம் சரிந்தது.

குழாய் சம்பந்தப்பட்ட விஷயம்தானே, கம்பெனி மெக்கானிக்கைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. போன் போட்டார்.

"ஏம்ப்பா, ஒரு குழாயை ஆறு துண்டாப் போடணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

"எங்க சார், வீட்லயா?"

"நான் வீட்லதான் இருக்கேன். ஆனா விஷயம் என்னன்னா..."

"புரிஞ்சுபோச்சு சார். அவசரம், அதானே? நீங்க எதையும் தொடாதீங்க. இதோ வந்துட்டேன்."

வைத்துவிட்டான். வாடிக்கையாளர் கூப்பிட்டால் மூன்று நாள் எட்டிப் பார்க்காதவன் அவன். மேலாளர் வீடு என்றதும் பொறுப்பு பொங்கிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, வண்டியில் ஏறிவிட்டான் போல.

மாமனார் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமையில் முழுக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, பாலிஷ் போட்ட ஷூ. பின்னால் மாமியார். கடைசியாகக் கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி பல் டாக்டர், மாமனார் வீட்டில் இழந்த சோபாவின் ஏக்கத்தோடு இந்த வீட்டுச் சோபாவைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்கே நம்ம அறிவாளி?"

மாப்பிள்ளை கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சா? இப்பத்தான் குளியலறைலேருந்து போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க?" என்றாள் மனைவி. கட்டியவளைவிடக் கூர்மையான சாட்சி உலகத்தில் கிடையாது.

"கவலையே படாதீங்க," என்று பல் டாக்டர் முன்னால் வந்தார். "சகலை, வாயைத் திறங்க. இன்னும் பெரிசா. ஆ..."

போன் வெளிச்சத்தை அடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவர் இன்னொருவர் வாய்க்குள் பார்த்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"தொண்டை பளிங்கு மாதிரி இருக்கு மாமா. ஒரு குறையும் இல்ல. ஆனா கடைவாய்ப் பல் ஒண்ணு சொத்தை. நாளைக்குக் காலையிலேயே பிடுங்கிடலாம். குடும்பத்துக்குள்ள எதுக்குக் காசு, சும்மாவே பண்ணித் தர்றேன்."

தொண்டை கிடைத்தது, பல் போயிற்று. மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. ஆறு துண்டு. எத்தனை நிமிஷம்?"

இனி ஒரே வழிதான். தேர்வில் ஒன்றும் தெரியாதவன் கடைசியில் பிடிப்பது கேள்வித்தாளின் கழுத்தைத்தான்.

"மாமா, தப்பா நினைக்கக்கூடாது. புதிரே தப்பு."

மாமனாரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

"தப்பா? எப்படித் தப்பாகும்? எழுதினதை ரெண்டு தடவை சரிபார்த்தேனே!"

"என்ன குழாய்னு சொல்லல பாருங்க. பிளாஸ்டிக்கா, செம்பா, இரும்பா? ஒவ்வொண்ணுக்கும் நேரம் மாறும்ல?"

"அட, கேட்டீங்களா மாமா," என்றார் பல் டாக்டர். "விடை தெரியலைங்கிறதை எவ்வளவு விவரமாச் சொல்றாரு!"

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: அப்பா வீட்டு மடக்கு நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லட்டுமா?

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. ரம்பமும் கையுமாக மெக்கானிக் நின்றான்.

"வந்துட்டேன் சார்! நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்." யார் என்ன என்று கேட்பதற்குள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டான்.

மாமனாரின் முகத்தில் மறுபடி ரத்தம் ஏறியது. "செய்முறை விளக்கமா! ஆளையே வரவழைச்சிருக்கீங்களா? பாத்தீங்களா மூத்தவரே, இதுக்குப் பேர்தான் அறிவு. வாயால சொல்றது யாருக்கும் வரும். வெட்டிக் காட்டணும்!"

"இல்ல மாமா, அவன் வந்து..." என்று மாப்பிள்ளை எழுவதற்குள் உள்ளே ரம்பம் பாடத் தொடங்கிவிட்டது. தொடர்ந்து மனைவியின் குரல்.

"ஐயோ! அது நல்ல குழாய்ப்பா! எதுக்குய்யா அறுக்கிற?"

"சார்தாம்மா ஆறு துண்டாப் போடச் சொன்னாரு."

அடுத்த சத்தம் தண்ணீருடையது. தொட்டிக்கு அடியிலிருந்து பீறிட்டு, எதிர்ச் சுவரில் மோதி, கூடத்தை நோக்கி நிதானமாக நடந்து வந்தது. "மெயின் வால்வு எங்க?" என்று மெக்கானிக் கத்தினான். "மாடியில!" என்று மனைவி கத்தினாள். "மாடிச் சாவி எங்க?" என்று மாப்பிள்ளை கத்தினார். ஊருக்கெல்லாம் தண்ணீர்ப் புகாரைத் தீர்த்து வைக்கிறவர் வீட்டில், சாவி எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

பல் டாக்டர் ஒரே தாவலில் சோபாமீது ஏறி நின்றுகொண்டார். எப்படியோ இடத்தைப் பிடித்துவிட்டார். மாமியார் கையில் அகப்பட்ட துணியையெல்லாம் எடுத்து வாசற்படிக்கு அணை கட்டினார். மாமனார் மட்டும் நகரவில்லை. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றார்.

"மாப்பிள்ளை! வீடு கிடக்கட்டும். விடை! எனக்கு நேரமாகுது!"

மாடிச் சாவியைத் தேடி அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மனிதனுக்கு வாயில் வந்ததைச் சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு.

"பதிமூணு!"

"பதிமூணா? எப்படி?"

எப்படி என்று அவருக்கு மட்டும் தெரியுமா? ஆனால் நாக்கு நிற்கவில்லை. "வெட்டுறதுக்குப் பன்னிரண்டு நிமிஷம் மாமா. ஆனா வெட்டுறவன் மனுஷன். நடுவுல வேர்வையைத் துடைக்க வேணாமா? அதுக்கு ஒரு நிமிஷம். எல்லாரும் குழாயைப் பாக்குறாங்க. மனுஷனைப் பாக்குறதில்ல!"

மாமனார் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "மனுஷன்... வேர்வை... பதிமூணு." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். பிறகு மூன்று தெரு கேட்கும்படி முழங்கினார்.

"சபாஷ்! சபாஷ் மாப்பிள்ளை! கணக்குக்குள்ள மனுஷனைக் காட்டிட்டீங்க! சரியான விடை!"

சாவி, கடைசியில், மாப்பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருந்தது. மெக்கானிக் மாடிக்கு ஓடி வால்வை மூடினான். மாமனார் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவிவிட்டு, பல் டாக்டரைச் சோபாவிலிருந்து இறக்கி, "கிளம்புங்க, கிளம்புங்க, நேரமாச்சு" என்று காருக்குத் தள்ளிக்கொண்டு போனார். மாமியார், வீட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லித் தங்கிவிட்டார்.

மாப்பிள்ளை ஈரமில்லாத ஒரே இடமான சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், இரண்டு வருஷமாக அவர் தன்னைக் குறைவாகவே எடை போட்டு வந்திருக்கிறார். யாரையும் கேட்காமல், அதுவும் வெள்ளத்துக்கு நடுவில், சொந்த மூளையிலிருந்து சரியான விடை! 'கலந்தாலோசனை' எல்லாம் வீண் அடக்கம்தான் போலிருக்கிறது.

"பல் டாக்டர் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று மனைவி அறுந்த குழாயையும் மறந்து சிரித்தாள்.

போன் சிணுங்கியது. ரயிலுக்கு இப்போதுதான் சிக்னல் கிடைத்திருக்கிறது. பில்லிங் மேடம் எழுதியிருந்தார்: "பதினைந்து சார். மூன்று துண்டுக்கு இரண்டு வெட்டுதான், வெட்டுக்கு மூன்று நிமிடம். ஆறு துண்டுக்கு ஐந்து வெட்டு."

மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு இரக்கத்தோடு புன்னகைத்தார். பாவம், எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒருநாள் சறுக்கத்தானே செய்யும்? பதில் எழுதினார்: "தவறு மேடம். சரியான விடை பதின்மூன்று. நீங்கள் மனிதனை மறந்துவிட்டீர்கள். திங்கட்கிழமை விளக்குகிறேன்."

கூடத்தில் துணியைப் பிழிந்துகொண்டிருந்த மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, அந்தப் பதிமூணு நிச்சயந்தானே?"

"என்ன அத்தை இப்படிக் கேக்குறீங்க? புதிர் போட்ட மாமாவே சபாஷ்னுட்டாரு. அதுக்கு மேல என்ன?"

"அவருக்கென்ன மாப்பிள்ளை தெரியும்? பார்க்குல கூட நடக்குறவங்க தினமும் ஒரு புதிர் போடுறாங்க, ரெண்டு வருஷமா நீங்க குரூப்ல சொல்ற விடையத்தான் அங்க போய்த் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. இன்னிக்கு அவங்க சங்கத்துல ஆண்டு விழா, அதான் அந்தப் பதிமூணை மேடையேறி மைக்குல சொல்றதுக்கு ஓடுறாரு."